வெளிப்பொருத்தும் இயந்திரத்தின் வரலாறு

வெளிப்பொருத்தும் இயந்திரம் என்பது சிறு படகின் பின்புறத்தில் மாட்டிக் கழற்றக்கூடிய மோட்டார் ஆகும். அமெரிக்கரான கேமரூன் வாட்டர்மேன் 1907 இல் இத்தகைய இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இதைப் பரவலாக்கியவர் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஓலே எவின்ரூடு. மில்வாக்கி நகரில் 1909 இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த இயந்திரம் ஒன்றரைக் குதிரைத்திறனும் சுமார் 28 கிலோ எடையும் கொண்டது. வணிகத்தை அவர் மனைவி பெஸ் கவனித்தார்.

பெஸ்ஸின் உடல்நலம் குன்றியதால், சில ஆண்டுகளில் ஓலே தன் பங்கை விற்று விலகினார். பின்னர் 1921 இல், அலுமினியத்தைப் பெரிதும் பயன்படுத்திய 'எல்ட்டோ' என்னும் இரட்டை உருளை இயந்திரத்துடன் திரும்பினார். எடை சுமார் 22 கிலோவாகக் குறைந்தது. திறன் இரு மடங்கானது. ஒருவரே எளிதில் தூக்கிச் சென்று மாட்டவும், கழற்றிக் கரையில் வைத்துப் பழுதுபார்க்கவும் முடிந்ததால், துடுப்புப் படகு வைத்திருந்தவரும் விசைப்படகுக்காரர் ஆனார்.