ஐம்பது மார்க் விதியும் கலாக்சியா கணினியும்

யூகோஸ்லாவியா என்றால் நம்மில் பலருக்கு டிட்டோ ஞாபகம் வருவார். எனக்கு இப்போதெல்லாம் வோயா அன்டோனிச்தான்.

1980-களின் தொடக்கத்தில் அந்த நாட்டில் ஒரு சுங்க விதி இருந்தது. 50 ஜெர்மன் மார்க்குக்கு மேல் விலையுள்ள பொருளைத் தனி ஆள் வெளிநாட்டிலிருந்து இறக்க முடியாது. 1982-ல் வந்த ஸ்பெக்ட்ரம் கணினியின் மலிவான வகையே இங்கிலாந்தில் 125 பவுண்டு. அதாவது வரம்பைப் போல பல மடங்கு. ஒளிச்சு மறைச்சுக் கொண்டு வந்தவர்கள் உண்டு. ஆனால் தனித்தனி சிப்புகளின் விலை வரம்புக்குள் அடங்கும். கணினி எல்லை தாண்ட முடியாது, அதன் பாகங்கள் தாண்டலாம்! கதையின் சூட்சுமமே இதுதான்.

1983-ல் அன்டோனிச் மான்டினீக்ரோவின் ரிசான் ஊருக்கு விடுமுறைக்குப் போனார். கையில் வாசிக்க எடுத்துப்போனது ஆர்சிஏ நிறுவனத்தின் 1802 ப்ராசஸர் கையேடு. (விடுமுறையில் இதைப் படிக்கிறவர் எப்பேர்ப்பட்டவர் பாருங்க.) திரையில் படம் வரையத் தனி சிப் எதற்கு, ப்ராசஸரையே வரைய வைத்தால் என்ன என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. இசட்80 ப்ராசஸருக்குள் ஆர் என்று ஒரு பதிவகம் உண்டு. மெமரியைப் புதுப்பிக்க அது தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணிக்கையைத் திருப்பிப் படம் வரையப் பயன்படுத்தினார். விலை என்னன்னா, ப்ராசஸரின் நேரத்தில் பெரும்பகுதி படம் வரைவதிலேயே போய்விடும்.

சின்க்ளேரின் இசட்எக்ஸ்81-ம் ப்ராசஸரை வைத்துத்தான் வரைந்தது. ஆனால் அதில் அந்த நிறுவனமே செய்வித்த தனிச் சிப் ஒன்று இருந்தது. அது கடையில் கிடைக்காது. கலாக்சியாவில் இருப்பதெல்லாம் கடைச்சரக்கு. போர்டுகூட ஒருபக்கச் செம்புதான், வீட்டிலேயே அரித்து எடுத்துக்கொள்ளலாம்.

வரைபடம் முழுவதையும் 'கலாக்சியா' என்ற அறிவியல் இதழின் சிறப்பிதழில் வெளியிட்டார்கள். டேயன் ரிஸ்டானோவிச் எழுதினார். சில நூறு பேர் செய்து பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள். எட்டாயிரத்துக்கு மேல்! வெற்று ஈப்ராம் சிப்பைத் தபாலில் அனுப்பினால் அன்டோனிச் மென்பொருளை ஏற்றி இலவசமாகத் திருப்பி அனுப்பினார். பெல்கிரேட் வானொலியில் ஸோரான் மோட்லி 'வென்டிலேட்டர் 202' நிகழ்ச்சியில் புரோகிராம்களை ஒலியாகவே ஒலிபரப்பினார். கீச்சுக்கீச்சென்று வரும் அந்தச் சத்தத்தைக் கேசட்டில் பிடித்து கணினியில் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

தட்டுப்பாடு இருந்ததால் மேதை பிறந்தான் என்றே இதைப் பலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. தட்டுப்பாடு அந்தக் காலத்தில் பாதி உலகத்தில் இருந்தது. இங்கே ஒருவர் வரைபடத்தைப் பூட்டி வைக்காமல் கொடுத்தார், ஒரு இதழ் அச்சடித்தது, ஒரு வானொலி நேரம் ஒதுக்கியது.

என் பொண்ணுக்குப் பழைய சாமான்களில் ஒரு கணினி செய்து கொடுக்க இதையே தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பேசிக் மொழி, மற்ற எல்லாம் சேர்த்து 4 கிலோபைட்டுக்குள் அடைத்ததால் பிழைச் செய்திக்கு மூன்றே சொல்: புரியலைன்னா 'வாட்', முடியாததைக் கேட்டால் 'ஹவ்', இடம் போதலைன்னா 'சாரி'. பத்து வயசுப் பிள்ளைக்கு இது போதும்.

அசல் இசட்80-க்கு ஆர்டர் எடுப்பதை ஸைலாக் நிறுவனம் 2024-ல் நிறுத்திவிட்டது. பழைய போர்டுகளிலிருந்து கழற்றி எடுக்கலாம். சாக்கெட்டில் செருகியிருப்பதாகப் பார்த்து எடுங்க, பற்றவைத்ததைப் பிடுங்கினால் கால் உடையும்.