பாயும் பூவும் பாட்டும்: தஞ்சை முறையீட்டை முழுதாகப் படித்தல்

மாறிவரும் பண்பாட்டுச் சூழலில் தமிழகத் திருச்சபையின் எதிர்காலம் பற்றி எழுதுவோர் பலர் ஒரே முடிவுக்கு வருகிறார்கள். வழிபாடு மேலைநாட்டுச் சட்டையைக் களைந்து தமிழ் மரபுக்குத் திரும்பினால் சபை பிழைக்கும் என்பது அது. இதற்கு முன்னோடியாக அவர்கள் நிறுத்துவது வேதநாயகம் சாஸ்திரியாரை (1774–1864). ஆவணச் சான்றாகக் காட்டுவது, 1829 அளவில் அவர் தலைமையில் தஞ்சைக் கிறிஸ்தவர்கள் எழுப்பிய முறையீட்டை. அந்த முறையீட்டின் ஒரு பகுதியை மட்டும் படித்துவிட்டு எதிர்காலத்துக்கு வழிகாட்டுகிறார்கள் என்பதே என் வாதம்.

புதிதாக வந்த இளைய மிஷனெரிமார் தங்களுக்கு இழைத்த நான்கு கொடுமைகளை முறையீட்டாளர்கள் எண்ணிக் காட்டினார்கள். வழக்கத்திலிருந்த வேத மொழிபெயர்ப்பைத் திருத்தியது ஒன்று. சாதி வேறுபாடில்லாமல் கலந்து உட்காரவும் நற்கருணை பெறவும் வற்புறுத்தியது இன்னொன்று. கலியாணத்திலும் சாவிலும் பூவை விலக்கியது மூன்றாவது. தமிழ்க் கீர்த்தனைகளை ஆலயத்திலிருந்து ஒதுக்கியது நான்காவது.

வேதம், பூ, பாட்டு ஆகிய மூன்றும் பண்பாட்டுரிமைக் குரல். சாதி பற்றியது காலத்தின் குறை. அதை நீக்கிவிட்டு மற்ற மூன்றையும் எடுத்துக்கொள்ளலாம். இதுவே இதுவரை வழங்கிவரும் வாசிப்பு. மனத்துக்கு இதமான வாசிப்புத்தான். ஆனால் மூலம் அதற்கு இடம் தருகிறதா?

நான்கு குறைகளும் எதன் பேரில் நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். பூவைக் கேட்பவர்கள் பூ தமிழருடையது என்று வாதிடவில்லை. பாட்டைக் கேட்பவர்களும் அப்படி வாதிடவில்லை. எல்லாவற்றுக்கும் அவர்கள் காட்டும் ஆதாரம் ஒன்றுதான்: 1798இல் மறைந்த சுவார்ட்ஸ் ஐயரும் அவருக்கு முந்தைய மூத்த குருமாரும் அனுமதித்திருந்த வழக்கம். அந்த வழக்கத்தில் ஆலயத்துக்குள் வெள்ளாளருக்குப் பாய், பறையருக்கு வெறுந்தரை. நற்கருணைக்கு முதலில் வருவோர் யார், பிறகு வருவோர் யார் என்பதும் முறைப்பட்டிருந்தது. பாயைக் காக்கும் வழக்கம் வேறு, பூவைக் காக்கும் வழக்கம் வேறு என்று முறையீட்டாளர்கள் பிரிக்கவில்லை. அவர்கள் பிரிக்காததை அவர்கள் பேரால் நாம் பிரிப்பது எந்த நியாயத்தில்?

பூவை எடுத்துக்கொள்வோம். மாலை, சந்தனம், வெற்றிலை ஆகியவை தஞ்சைச் சமூகத்தில் மரியாதையின் அலகுகள். யாருக்கு எது, எந்த வரிசையில் என்பது கோயிலிலும் அரண்மனையிலும் வழக்காடப்பட்ட செய்தி. ஆகவே கலியாணப் பந்தலிலும் பாடையிலும் பூவை மறுப்பது அந்தக் குடும்பத்தின் நிலையை மறுப்பதாகவே உணரப்பட்டிருக்கும். முறையீட்டின் ஒரு வரியைக் காட்டி இதை நிறுவிவிட முடியாது; என் ஊகம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பூவையும் பாயையும் ஒரே பட்டியலில் அடுக்கிய மனத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குப் புலப்படவில்லை.

பாட்டின் கதை இன்னும் நுட்பமானது. சாஸ்திரியார் சுவார்ட்ஸிடம் வளர்ந்தவர். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியோடு பழகியவர். அரண்மனையில் வழங்கிய இசையிலும் சிற்றிலக்கியத்திலும் ஊறியவர். அவருடைய பெத்லகேம் குறவஞ்சியில் மீட்பின் செய்தியைக் குறத்தி குறியாகச் சொல்கிறாள். தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தில் இதற்கு நிகரான துணிச்சல் அதிகம் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனாலும் பாட்டுக்குள் நற்செய்தியின் குரலாக வரும் அந்தக் குறத்தி, பாடல் அரங்கேறும் ஆலயத்துக்குள் வந்திருந்தால் எங்கே உட்கார்ந்திருப்பாள்? இதைக் கேட்காமல் கீர்த்தனையை மட்டும் மீட்டெடுப்பது, அந்தக் கவிஞரின் படைப்பாற்றலைக்கூடப் பாதிதான் புரிந்துகொள்வது.

வேதத் திருத்தம் பற்றிய குறை வேறுபட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வழக்கத்திலிருந்த பப்ரிசியுஸ் மொழிபெயர்ப்பை மனப்பாடமாக்கி வளர்ந்த ஒரு சபைக்கு, புதிய மிஷனெரிமாரில் ஒருவரான ரேனியுஸ் செய்த திருத்தங்கள் உண்மையான இழப்பைத் தந்தன. ‘புதுத்திருத்தலின் கூக்குரல்’ என்னும் சாஸ்திரியாரின் எழுத்தில் மொழியறிஞரின் கவலையே மேலோங்கி நிற்கிறது. அந்த ஒன்றைத் தனித்துப் படிக்கலாம். மற்ற மூன்றுக்கு அந்தச் சலுகை இல்லை.

சாஸ்திரியாரை இன்றைய அளவுகோலால் அளக்கலாகாது என்பார்கள். வெறுந்தரையில் உட்கார்ந்தவர்களும் அவர் காலத்தவர்களே. அவர்களுடைய அளவுகோலும் அக்காலத்து அளவுகோல்தான். திருநெல்வேலியில் மாணவர்களை ஒரே பந்தியில் உண்ணவைக்க ரேனியுஸ் முயன்றதும் அதே தலைமுறையில்தான். இந்த ஆட்சேபத்துக்கு இதற்குமேல் இடம் தர வேண்டியதில்லை.

பூவையும் பாட்டையும் சாதியோடு சேர்த்த முறையீட்டின் பிணைப்பு ஒரு மனிதரின் தனிப்போக்கு அன்று என்பதற்குப் பிற்கால வரலாறு சான்று. 1833இல் டேனியல் வில்சன் பேராயர் சாதி வேறுபாட்டை உடனடியாகக் கைவிட உத்தரவிட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் விலகினார்கள். 1840இல் வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் அத்தகையோருக்குப் புகலிடமானது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல், திருக்குறளை மொழிபெயர்த்தவர். தமிழிலக்கியத்தின்மேல் அவருக்கிருந்த மதிப்பை ஐயுற முடியாது. சாதியைச் சமூக வழக்காகக் கருதிச் சகித்துக்கொள்ளலாம், அதை உடைக்கச் சபை அவசரப்படலாகாது என்று வாதாடியவரும் அவரே. தமிழ்ப் பண்பாட்டின்மேல் கொண்ட மரியாதையும் சாதியின்மேல் காட்டிய சகிப்பும் ஒரே மனிதரிடம், ஒரே நியாயத்திலிருந்து எழுந்தன. தஞ்சை முறையீட்டுக்கு இதைவிடத் தெளிவான உரை தேவையில்லை.

கனமான மறுப்பு வேறொன்று உண்டு. இன்று சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை எல்லாச் சாதியாரும் பாடுகிறார்கள்; பாய் போய்விட்டது; வரலாறே இரண்டையும் பிரித்துவிட்டதே என்பது. உண்மைதான். ஆனால் யார் பிரித்தார்கள் என்று கேட்க வேண்டும். கத்தோலிக்கர் பக்கம் ஓர் எடுத்துக்காட்டு. வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயம், சாதிக்கொரு கூடமாக இரண்டு கூடங்கள் பலிபீடத்தில் வந்து கூடும்படி கட்டப்பட்டது. நடுவிலிருந்த தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது. அதுவும் இணக்கத்தோடு நடக்கவில்லை. வழக்கு நீதிமன்றம் வரை போனது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் கல்லறைகளைப் பிரித்து எழுப்பிய சுவர் நம் காலத்திலும் போராட்டத்துக்குரியதாயிற்று. 2008இல் அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில் சபைக்குள் வெடித்த மோதல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் உயிரிழப்பிலும் முடிந்தது. ஆக, பாட்டும் பாயும் பிரிந்திருக்கும் அளவுக்கு, அந்தப் பிரிவு தரையில் உட்கார்த்தப்பட்டவர்கள் போராடிப் பெற்றது. பண்பாட்டுமயமாதல் பேசிய இறையியல் அதைச் செய்து கொடுக்கவில்லை.

இந்தப் பிணைப்பை ஆய்வாளர்களுக்கு முன்பே கண்டுகொண்டவர் மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு. பரட்டை என்று அன்போடு அழைக்கப்பட்டவர். கீர்த்தனையைத் தமிழ்ப் பண்பாடு என்று ஏற்பதோடு அவர் நிற்கவில்லை. அது எந்தத் தமிழருடைய பண்பாடு என்று கேட்டார். நாட்டுப்புற இசையில் வழிபாட்டு முறைமை அமைத்தார். பறைக்கு ஆலயத்தில் இடம் கேட்டார். எல்லாரும் சேர்ந்து சமைத்துப் பகிர்ந்துண்ணும் ஓர் உலையை நற்கருணையின் பொருளாக முன்வைத்தார். இசையைப் பற்றிய கேள்வியும் உட்காரும் இடத்தைப் பற்றிய கேள்வியும் ஒன்றே என்பதை அவர் அறிந்திருந்தார். தஞ்சை முறையீட்டாளர்களும் அறிந்திருந்தார்கள், எதிர்த்திசையில். இடையில் வந்த நம் ஆய்வு மரபுதான் இரண்டையும் தனித்தனி இயல்களில் எழுதியது.

இந்த வாசிப்பு சரியெனில் அடுத்த வேலை தெளிவு. முறையீட்டில் பேசப்படுபவர்களாக மட்டும் வரும் பறையர் கிறிஸ்தவர்களை மிஷன் கடிதங்களிலும் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளிலும், பழைய கல்லறைத் தோட்டங்களில் யார் எங்கே கிடத்தப்பட்டார்கள் என்ற ஒழுங்கிலும் தேட வேண்டும். வழிபாட்டுச் சீர்திருத்தம் பற்றிப் பேராயங்கள் கூடிப் பேசும்போது கீர்த்தனைத் தொகுப்புகளோடு அந்தப் பதிவேடுகளும் மேசைமேல் இருக்க வேண்டும்.