வானொலி தந்த தந்தை

மிளகும் சுக்கும் மணக்கும் மட்டாஞ்சேரிக் கடைவீதியை ஒட்டி வாழும் தமிழ்க் குடும்பங்களில், தமிழ் பேசத் தெரிந்தும் எழுத்தறியாத பிள்ளைகள் பலர். பள்ளியில் அவர்கள் பயில்வது மலையாளம். நான் சிறுவனாயிருந்த காலத்தில், தொலைக்காட்சியில் தமிழ்த் திரைப்படம் வந்தால் அண்டை வீட்டாரும் எங்கள் கூடத்தில் கூடுவர். மூக்குக் கண்ணாடியும் நரைத்த தலையுமாக ஒருவர் தோன்றியதும், "அதோ, அந்த அப்பா!" என்போம். பெயர் அறியோம். என் தந்தையாரோ திரையைப் பாராமலே, "இது தில்லியிலிருந்து செய்தி வாசித்த குரலல்லவா?" என்றார்.

ஆம், அவரே பூர்ணம் விசுவநாதன். 1921-இல் பிறந்த அவர், தில்லியில் அகில இந்திய வானொலியின் தமிழ்ச் செய்திப் பிரிவில் பல்லாண்டுகள் பணியாற்றினார். 1947 ஆகஸ்டு 15-ஆம் நாள், நாடு விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வாசித்தவர் அவர். அன்று வரை கொச்சிக் கோட்டைப் பகுதி பிரிட்டிஷார் ஆட்சியிலும், அதை அடுத்துள்ள எங்கள் மட்டாஞ்சேரி கொச்சி மன்னர் ஆட்சியிலும் இருந்தன. நடந்தே கடக்கும் அந்த எல்லையை வானொலி பொருட்படுத்தியதில்லை.

செய்தி வாசித்தல் எளிய பணியன்று. ஆங்கிலத்தில் வரும் செய்தியைச் சில நிமிடங்களில் தமிழாக்க வேண்டும். ஆங்கில வாக்கியத்தில் முன்னே நிற்கும் வினை தமிழில் இறுதியில் வந்து அமரும். அதுவரை கேட்போரின் கவனம் சிதறாதபடி மூச்சை அளந்து சொற்களை நிறுத்த வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அத்தொல்லை நன்கு தெரியும். துயரச் செய்தியாயினும் குரல் தழுதழுத்தலாகாது. இந்த அடக்கமே பின்னாளில் அவருடைய நடிப்பின் அடித்தளமாயிற்று என்பது என் துணிபு.

பின்னர் சென்னையில் மத்திய அரசின் 'திட்டம்' இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். நாடகப் பற்று உடன் வந்தது. எழுத்தாளர் சுஜாதாவின் நாடகங்களுக்கு மேடையில் உயிரளித்தவர் அவரே. 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தில், ஓய்வுபெற்ற சீனிவாசனின் வீட்டிற்கு எதிர்காலத்திலிருந்து ஒருவன் வருகிறான். பிறர் கண்ணுக்கு அவன் தெரியாமையால், குடும்பத்தார் பெரியவருக்குச் சித்தம் கலங்கிவிட்டதென முடிவு செய்கின்றனர். நகைப்பிற்கிடையே, வேலையை விட்ட தந்தைக்குத் தன் வீட்டிலேயே மதிப்புக் குறையும் நிலையை அந்நாடகம் காட்டிற்று.

திரையுலகில் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சிறு வேடங்களே. எனினும் 'மகாநதி' (1994) படத்தில் சிறையில் வாடும் பஞ்சாபகேசனை மறத்தல் அரிது. பிற தந்தை நடிகர்கள் உரத்து முழங்கிய இடங்களில் இவர் தணிந்தே பேசினார். சில படங்களில் அவரை வெறும் அழுகைக்கே பயன்படுத்தினர். அது வீண் செலவு.

2008 அக்டோபர் 1-ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் நடித்தவற்றுள் எங்கள் வீட்டில் மீண்டும் மீண்டும் பேசப்பட்டது 'கேளடி கண்மணி' (1990). நாட்டின் விடுதலையைத் தமிழில் அறிவித்த அவருக்கு, அதில் வாய் பேசாத, செவி கேளாத தந்தை வேடம். அக்குரலுக்காகக் காத்திருந்த என் தந்தையார், "ஒரு சொல்லும் பேசவில்லையே!" என்று வருந்தினார். தமிழ் அறியாத பக்கத்து வீட்டு மலையாளப் பாட்டியோ, அன்று ஒருவரிடமும் பொருள் கேட்காமல் அக்காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.