மனநோய் சிகிச்சையில் துணை மாத்திரையும் மறதியும்

டிரைஹெக்சிபெனிடில் என்பது மனநோய் மருந்துகளால் உண்டாகும் கை நடுக்கம், உடல் விறைப்பு ஆகியவற்றைத் தணிக்கத் தரப்படும் துணை மருந்து. இந்தியாவில் பாசிடேன் என்னும் வணிகப் பெயரில் பலரும் இதை அறிவர். நடுக்கத்தைக் குறைக்கும் இம்மருந்து நினைவாற்றலையும் குறைக்கக்கூடும்.

ஊமத்தையிலிருந்து மாத்திரை வரை

ஊமத்தை சிவனுக்குரிய மலர். தின்றவரின் சித்தத்தைக் கலக்கும் நஞ்சும் கூட. அதிலுள்ள அட்ரோபின், ஸ்கோபோலமைன் ஆகிய பொருட்கள், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கின்றன. இவ்வகைப் பொருட்களைக் கொண்டே 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மருத்துவர் சார்க்கோ நடுக்குவாத நோய்க்கு மருத்துவம் செய்தார். அதே வழியில் வேலை செய்யும் செயற்கை மருந்தான டிரைஹெக்சிபெனிடில் 1940களின் இறுதியில் வந்தது.

1952இல் பாரிஸில் டிலே, டெனிக்கர் ஆகிய மருத்துவர்கள் குளோர்புரோமசினை மனநோய்க்குப் பயன்படுத்தினர். 1958இல் பெல்ஜியத்தில் ஹாலோபெரிடால் கண்டறியப்பட்டது. இம்மருந்துகள் மூளையில் டோபமைனைத் தடுத்ததால் பிரமைகள் அடங்கின. ஆனால் நடுக்குவாதம் போன்ற நடுக்கமும் விறைப்பும் தோன்றின. நடுக்குவாத மருந்தே அதற்கும் துணையாகச் சேர்ந்தது. நாளடைவில், நடுக்கம் வருமுன்பே காப்பாகக் கொடுப்பதும் வழக்கமாயிற்று. மனநோய் மருந்தும் இதுவும் ஒன்றாகக் கலந்த மாத்திரைகள் இந்தியாவில் இன்றும் விற்கப்படுகின்றன.

நினைவின் மீதான விளைவு

புதிய செய்தி மனத்தில் பதிய அசிட்டைல்கோலின் தேவை. 1974இல் டிராக்மேன், லெவிட் ஆகியோர் நலமுள்ள இளைஞர்களுக்கு ஸ்கோபோலமைன் கொடுத்துச் சோதித்தனர். அவர்களிடம் முதியவர்களுக்குரிய மறதியை ஒத்த குறைபாடு காணப்பட்டது. மனச்சிதைவு நோயே கவனத்தையும் நினைவையும் பாதிக்கும் என்பதால், மருந்தால் வரும் மறதி அதற்குள் மறைந்துவிடுகிறது. வாய் உலர்தல், மலச்சிக்கல், பார்வை மங்கல் ஆகியவையும் சேர்ந்திருந்தால் துணை மருந்தைப் பற்றி ஐயம் கொள்ளலாம். முதியவர்களுக்குக் கடும் மனக்குழப்பமே வரக்கூடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் வல்லுநர்கள் 1990இல் வெளியிட்ட அறிக்கை, இம்மருந்தை எல்லோருக்கும் முன்காப்பாகக் கொடுக்க வேண்டாம் என்றது. நடுக்கம் உண்மையில் தோன்றி, மனநோய் மருந்தின் அளவைக் குறைத்தல் போன்ற வழிகள் பயன் தராதபோது கொடுக்கலாம் என்பது அதன் சாரம்.

எல்லைப் பகுதியில்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வேப்பனப்பள்ளி, கர்நாடக, ஆந்திர எல்லைகளை ஒட்டியது. இங்கிருந்து சென்னையைவிடப் பெங்களூரு அண்மையில் உள்ளது. அங்கே 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டது. அது 1974இல் அரசு மனநல மருத்துவமனையுடன் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயிற்று. வெகுதூரம் சென்று வாங்கிவந்த மருந்துச் சீட்டையே காட்டி, மறு ஆய்வின்றி மாதக்கணக்கில் மாத்திரை வாங்குவது எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. பிரமை தணிந்து ஓசூர்த் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர், காலையில் கற்ற வேலையை மாலையில் மறந்தால், வீட்டார் அதைச் சோம்பல் என்றோ நோய் முற்றியது என்றோ கொள்வர். துணை மாத்திரை இன்னும் தேவையா என்ற கேள்வி எழாமலே போகும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையையும் அதன் அறியப்பட்ட பக்க விளைவுகளையும் அறியும் உரிமையை நோயாளிக்கும், அவர் நியமித்த பிரதிநிதிக்கும் வழங்குகிறது. ஆகவே ஒவ்வொரு மாத்திரையும் எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்பது அவர்களின் உரிமை. ஆனால் துணை மாத்திரையைத் தாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது. விறைப்பும் நடுக்கமும் திரும்பலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்கும்போது பலருக்கு நினைவு தெளிவடைகிறது.