கோழியும் மறைதிறனும்: உறையூர்ப் போர்ப்பறவை மரபும் கணினி விளையாட்டும்

திருச்சிராப்பள்ளியின் ஒரு பகுதியாகிவிட்ட உறையூருக்குக் ‘கோழி’ என்பது பழம்பெயர். கோழி ஒன்று யானையைப் போரில் வென்ற நிலத்தில் எழுந்த நகர் என்பது அதற்குச் சிலப்பதிகார உரைமரபு தரும் காரணம். யானைக்கும் கோழிக்கும் பொதுவான ‘வாரணம்’ என்னும் சொல்லை இருபொருளில் ஆண்டு, நாடுகாண் காதையின் இறுதியில் இளங்கோவடிகள் இக்கதையைக் குறிக்கிறார். உறையூர்ப் பஞ்சவர்ணேசுவரர் கோயிலில் இக்காட்சி சிற்பமாகவும் உள்ளது. வைணவ மரபிலோ பறவை மறைந்து பெயர் மட்டும் நின்றது. குலசேகராழ்வார் தம்மைக் கோழிக்கோன் என்கிறார். கமலவல்லி நாச்சியார் கோயில் திருக்கோழி எனப்படுகிறது. பங்குனித் திருநாளில் திருவரங்கத்து நம்பெருமாள் காவிரியைக் கடந்து அங்கு எழுந்தருளும் நிகழ்வில் போர்க்கோழிக்கு இடமில்லை.

சிறிய உயிர் பெரியதை வென்றதெனின், அவ்வெற்றிக்குரிய திறன் எங்கிருந்தது? உருவில் இல்லை என்பது வெளிப்படை. நகர்த்தோற்றக் கதை அதனை நிலத்தில் வைக்கிறது. அம்மண்ணின் வலிமை கண்டே அங்கு நகர் அமைந்தது என்பது கதையின் உட்கிடை. ஆனால் கோழியைப் போருக்கு விட்டோர் இவ்விடையோடு அமைந்திருக்க இயலாது. ஒரே களத்தில் நிற்கும் இரு சேவல்களுக்கும் நிலம் பொதுவன்றோ.

அமைப்புடைய கோழிப்போர் சங்க காலத்திலேயே இருந்தது என்பதைக் குறுந்தொகை 305ஆம் பாடல் எதிர்மறையாகக் காட்டுகிறது. போருக்கு ஏவுவாரும் இடைபுகுந்து விலக்குவாரும் இன்றித் தாமே பொருது ஓயும் குப்பைக்கோழிகளைப் பாடிய புலவர் குப்பைக்கோழியார் என்றே பெயர்பெற்றார். ஏவுதலும் விலக்குதலும் உள்ள போர் வழக்கில் இருந்தாலன்றி இவ்வுவமைக்குப் பொருளில்லை. பின்னர் ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை கோழிவென்றி, தகர்வென்றி, பூழ்வென்றி, சிவல்வென்றி முதலியவற்றைத் தனித்துறைகளாக்கியது. அதன் கோழிவென்றி வெண்பாவில் வல்லுநர் சேவலின் நிறத்தை ஆராய்ந்த பின்னரே அதனைக் களத்தில் விடுகின்றனர். திறன் இங்கு நிலத்திலிருந்து நீங்கி, நிறம் என்னும் புறக்குறியால் அறியத்தக்க அகப்பண்பாகிறது.

பஞ்சபட்சி சாத்திரம் இதனோடு காலத்தைச் சேர்த்தது. வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்னும் ஐந்தும் ஊண், நடை, அரசு, துயில், சாவு என்னும் ஐந்தொழில்களில் மாறிமாறி நிற்கும். பகலுக்கு ஐந்து, இரவுக்கு ஐந்தாகச் சாமம் ஒன்றுக்கு ஆறு நாழிகை. வளர்பிறைக்கும் தேய்பிறைக்கும் முறை வேறு. சேவற்கட்டில் இறகின் நிறங்கொண்டு சேவலை இவ்வைந்தனுள் ஒன்றாக வகுத்து, அதன் பறவை ‘அரசு’ நிலையில் இருக்கும் பொழுதை நாடுவர். இக்கணக்கு தோல்விக்கும் விடை தரவல்லது. சேவல் தோற்றால் பொழுது தவறியது எனலாம், சாத்திரம் தவறியதாகாது.

1996இல் சப்பானில் வெளிவந்த போக்கிமான் விளையாட்டை இங்கு ஒப்பிடுவது வேடிக்கைக்காக அன்று. முதலிரு தலைமுறைகளில் தாக்குதல், தற்காப்பு, விரைவு, சிறப்பாற்றல் ஆகிய நான்கிற்கும் 0 முதல் 15 வரையிலான எண் ஒவ்வோர் உயிர்க்கும் பிறப்பிலேயே அமையும். ஆடுவோரின் திரையில் அது தோன்றாது. நூறாம் படிநிலையில் 0க்கும் 15க்கும் இடையிலான வேறுபாடு 30 புள்ளி. ஒரே இனத்து உயிர்கள் இரண்டு, பிற யாவும் ஒத்து, எதிர்நிற்கையில் விரைவு எண்ணில் ஒன்று கூடியதே முதலில் தாக்கும். வெற்றியை அதுவே முடிவுசெய்யவும் கூடும்.

1999இன் இரண்டாம் தலைமுறையில் இம்மறையெண் புறத்தே தெரியலாயிற்று. அரிய மாற்றுநிறம் தோன்றத் தற்காப்பு, விரைவு, சிறப்பாற்றல் மூன்றும் சரியாக 10 ஆக இருத்தல் வேண்டும். ஆகவே பலரும் விரும்பித் தேடிய அந்நிறம் முழுத்திறனுக்குச் சான்றன்று, குறைவுக்கே சான்று. ஆணும் பெண்ணும் சம அளவில் தோன்றும் இனங்களில் தாக்குதல் எண் 7க்கு மேற்படாதவையே பெண்ணாயின. 2002இன் மூன்றாம் தலைமுறை இத்தொடர்புகளை அறுத்தது. எண்ணின் எல்லையும் 31 ஆயிற்று.

இவ்வொப்புமையிலிருந்து, முன்னோர் மரபியலை அறிந்திருந்தனர் என்னும் முடிவுக்குத் தாவுவது தவறு. விளையாட்டில் நிறத்தையும் எண்ணையும் பிணைத்தது நிரலெழுதியோர் வகுத்த விதி. நிரலை ஆராய்ந்தோர் அதனை ஐயமறக் கண்டறிந்தனர். சேவலின் நிறத்திற்கும் போர்த்திறனுக்கும் அத்தகைய விதி இல்லை. எனினும் நிறப்பெயர்களை வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்குவதும் பொருந்தாது. தலைமுறைதோறும் தேர்ந்து இணைசேர்த்த வளர்ப்போர்க்கு நிறம் வழிமரபை நினைவிற்கொள்ள உதவும் அடையாளமாகவும் இருந்திருக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஏடெழுதாத ஒருவருக்கு, இன்ன சேவலின் வழி இது என்பதைச் சேவலின் உடம்பே சொல்லும்.

விலங்குவதைத் தடுப்புச் சட்டம் (1960) விலங்குகளைத் தம்முள் பொரத் தூண்டுவதைக் குற்றமாக்கியது. அது நியாயமே. ஆயின் களத்தோடு அக்களத்தின் சொற்களும் வெளிப்பேச்சிலிருந்து ஒதுங்குகின்றன. ஐயனாரிதனார் நிறம் ஆய்ந்தனர் என்றாரேயன்றி எந்நிறம் வெல்லும் என்று கூறவில்லை. அதற்குரிய சான்று இலக்கியத்தில் இல்லை. வளர்ப்போர் வழக்கிலுள்ள நிறப்பெயர்களிலும், பஞ்சபட்சிச் சுவடிகளிலும்தான் தேடவேண்டும்.