பேஸ்போல் லீக்கும் ஆட்டக்காரரின் உழைப்பும்

அமெரிக்கப் பேஸ்போலின் தொழில்முறை வரலாற்றை ஆராய்வோர் ஆட்டக்காரன் ஊதியம் பெறத் தொடங்கிய நாளையே அதன் தொடக்கமாகக் கொள்வதுண்டு. ஊதியம் பெறுபவனைக் கழக உடைமையாளர் எவ்வாறு தம்முடன் பிணைத்துக்கொண்டனர் என்பதிலிருந்தே அதனை நோக்குதல் பொருத்தமானது என நாம் கருதுகின்றோம்.

1871 இல் தோன்றிய முதலாவது தொழில்முறை அமைப்பு, ஆட்டக்காரரின் சங்கம் என்றே தன்னை அழைத்துக்கொண்டது. 1876 இல் சிக்காகோவின் வில்லியம் ஹல்பேட் முன்னின்று அமைத்த நஷனல் லீக்கோ கழகங்களின் லீக் எனப் பெயர் பூண்டது. இப்பெயர்மாற்றம் தற்செயலானதன்று. ஒவ்வொரு நகரமும் ஒரு கழகத்தின் தனியாட்புலமாயிற்று. மைதானத்தில் எதிரிகளாய் நின்ற கழகங்கள் கூலி விடயத்தில் ஒன்றுபட்டன. 1879 இல், கழகமொன்றுக்கு ஐவர் வீதம் ஆட்டக்காரரை ஒதுக்கிவைக்கவும், பிறர் ஒதுக்கியவரை நாடாதிருக்கவும் உடைமையாளர் இரகசியமாக இணங்கினர். காலப்போக்கில் இத்தக்கவைப்பு ஏற்பாடு அனைவரையும் உள்ளடக்கியது. ஒப்பந்தம் முடிந்த பின்னரும் ஆட்டக்காரன் பழைய கழகத்துக்கே உரியவன். கழகம் அவனை விற்கலாம், மாற்றலாம். அவன் ஆட்டத்தையே கைவிடலாம். உழைப்புச் சக்தியை விரும்பியவருக்கு விற்கும் சுதந்திரத்தையே முதலாளித்துவம் தொழிலாளிக்கு வழங்குகின்றது என்பது மார்க்ஸின் விளக்கம். அச்சுதந்திரமும் இங்கு மறுக்கப்பட்டது.

எதிர்ப்பு எழாமலில்லை. சட்டம் பயின்ற ஆட்டக்காரரான ஜோன் மொன்ற்கொமரி வோட் 1885 இல் ஆட்டக்காரரைச் சங்கமாகத் திரட்டினார். 1890 இல் அவர்கள் தமக்கெனத் தனி லீக் ஒன்றையே நிறுவினர். ஆயின் அதற்கு முதலிட்டோர் பழைய லீக்குடன் பேரம்பேசி ஒதுங்க, அது ஒரே பருவத்துடன் மறைந்தது. 1901 இல் போட்டியாளனாக எழுந்த அமெரிக்கன் லீக்கும் 1903 இல் நஷனல் லீக்குடன் சமாதானமாயிற்று. பேஸ்போல் மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகமன்று என 1922 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தமையால், தனியுரிமை எதிர்ப்புச் சட்டமும் இக்கூட்டைத் தீண்டவில்லை.

உடைமையாளர் போற்றிய இவ்வேற்பாடு நிறத்தின் எல்லையுடன் நின்றுவிட்டமை குறிப்பிடத்தக்கது. எழுதப்படாத தடையினால் விலக்கப்பட்ட கறுப்பின ஆட்டக்காரருக்கென றூப் பொஸ்ரர் 1920 இல் நீக்ரோ நஷனல் லீக்கை நிறுவினார். 1945 இல் புறூக்ளின் கழகத்தின் பிராஞ்ச் றிக்கி, கன்சாஸ் நகரக் கழகத்திலிருந்து ஜக்கி றொபின்சனை ஒப்பந்தம் செய்தபோது, அக்கழகத்துக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை. 1947 இல் றொபின்சன் பெரிய லீக்கில் இறங்கியதை முற்போக்கான நிகழ்வாக நாம் ஏற்கும்போதே, கறுப்பினத்தவர் கட்டியெழுப்பிய கழகங்கள் அதன்பின் நலிவுற்றதையும் மறத்தலாகாது.

சென்ற் லூயிஸ் கழகத்தின் கறுப்பின வீரரான கேர்ட் பிளட், 1969 இல் தம்மைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியதை ஏற்க மறுத்து வழக்காடினார். விசாரணையில் அவருக்காகச் சாட்சியமளிக்க அப்போது ஆடிக்கொண்டிருந்த எவரும் முன்வரவில்லை. 1972 இல் 5க்கு 3 என்ற பெரும்பான்மைத் தீர்ப்பில் அவர் தோற்றார்.

நீதிமன்றம் தர மறுத்ததைத் தொழிற்சங்கம் பெற்றது. உருக்குத் தொழிலாளர் சங்கத்தில் பொருளியலாளராகப் பணியாற்றிய மார்வின் மில்லர், 1966 இல் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைமையை ஏற்றார். 1968 இன் முதலாவது கூட்டு ஒப்பந்தம் ஆகக்குறைந்த ஆண்டூதியத்தை 6,000 டொலரிலிருந்து 10,000 டொலராக்கியது. பிணக்குகளைச் சுயாதீன நடுத்தீர்ப்பாளரிடம் கொண்டுசெல்லும் உரிமையும் 1970 இல் கிடைத்தது. அவ்வழியே 1975 டிசெம்பரில் பீற்றர் சைற்ஸ், ஒப்பந்தத்தை ஓராண்டுக்கு மாத்திரமே நீடிக்கலாமெனத் தீர்த்தார். ஏறத்தாழ நூறாண்டுகாலப் பிணைப்பு அத்துடன் தளர்ந்தது.

எனினும் 1976 இன் உடன்பாடு ஆறாண்டு சேவை முடித்தோருக்கே அவ்விடுதலையை வழங்கியது. மில்லரும் இதனை விரும்பியே ஏற்றார்: அனைவரும் ஒருங்கே சந்தைக்கு வரின் உழைப்பின் விலை வீழும் என்பதை அவர் அறிந்திருந்தார். உடைமையாளரை அவர்களது சந்தை விதியாலேயே மடக்கிய இச்சாதுரியம் பாராட்டத்தக்கதே. ஆனால் பெரிய லீக்கை எட்டாத சிறிய லீக் ஆட்டக்காரர் சங்கத்துக்கு வெளியிலேயே நின்றனர். 2022 இல்தான் அவர்கள் அதில் இணைந்தனர். 2023 இன் முதலாவது கூட்டு ஒப்பந்தம் அவர்களுள் உச்சப் பிரிவினரின் ஆகக்குறைந்த ஆண்டூதியத்தை 17,500 டொலரிலிருந்து 35,800 டொலராக உயர்த்தியது.