இப்னு சீனா "தீராது" என்ற காயமும், அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும்



மீலாத் விழாப் பேச்சுப் போட்டி என்றால் இப்னு சீனாவைப் பற்றிப் பேச ஒரு பிள்ளையாவது மேடை ஏறும். அவருடைய 'அல் கானூன்' ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் பாடநூலாக இருந்தது என்று பெருமைப்படுவோம். அதே நூலில் அவர் எழுதிய ஒன்றை மட்டும் நாம் மேடையில் சொல்வதில்லை.

பிரசவ வலி இரண்டு மூன்று நாள் நீண்டு, பிள்ளையின் தலை இடுப்பெலும்பில் சிக்கினால், நடுவில் நசுங்கும் சதைக்கு இரத்தம் போகாது. அது அழுகி விழ, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புப் பாதைக்கும் இடையில் துளை உண்டாகும். பிள்ளை பெரும்பாலும் இறந்தே பிறக்கும். தாய்க்குச் சிறுநீர் இரவு பகலாக வடியும். இதைத்தான் பிஸ்டுலா என்கிறார்கள். நமது ஃபிக்ஹ் அப்படிப்பட்டவளுக்கும் ஒவ்வொரு வக்துக்கும் வுழூச் செய்து தொழ இடம் கொடுத்தது. மனிதர்கள்தான் வாடை என்று ஒதுக்கினார்கள்.

மிக இளவயதில் மணம் முடிக்கப்பட்ட பெண்ணுக்குக் கருத்தரிக்காமல் இருக்கும் வழியை வைத்தியர் சொல்லிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீர்ப்பை கிழியலாம், கிழிந்தால் சாகும்வரை தீராது என்று எழுதினார் இப்னு சீனா. அவர் மறைந்தது 1037இல்.

அதன்பின் 800 வருடங்களுக்கு மேல் கடந்தன. 1840களில் அமெரிக்காவின் அலபாமாவில் மேரியன் சிம்ஸ் என்ற வைத்தியர் அடிமைப் பெண்கள்மீது மயக்க மருந்தின்றிச் சத்திரசிகிச்சை செய்து பழகினார். மூன்று பேரின் பெயர்தான் நமக்குத் தெரியும்: அனார்க்கா, பெட்ஸி, லூசி. 1849இல் வெள்ளிக் கம்பியால் தைத்து அனார்க்காவின் துளையை அடைத்தார். அதற்கு முன் அவள் ஏறத்தாழ 30 தடவை கத்திக்குக் கீழ் படுத்திருந்தாள். புகழ் அவருக்குப் போனது. வலியைத் தாங்கியவள் அவள்.

1959இல் கெத்தரின் ஹெம்லினும் கணவர் ரெஜினால்டும் எத்தியோப்பியா போனார்கள். 1974இல் அடிஸ் அபாபாவில் பிஸ்டுலாவுக்கென்றே ஒரு வைத்தியசாலையைத் திறந்தார்கள். காயம் ஆறிய பெண்களில் பலர் மீண்டும் கர்ப்பமானார்கள்.

நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தைத்த இடம் தழும்பு, முன்போல விரியாது. முதல் பிரசவத்தில் பிள்ளையைத் தடுத்த ஒடுங்கிய இடுப்பும் அப்படியேதான் இருக்கும். மறுபடியும் வீட்டில் வலியெடுத்தால் தையல் பிரியலாம், பிள்ளையும் போகலாம். ஆகவே சிகிச்சைக்குப் பின் சில மாதங்கள் தாம்பத்தியத்தைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பமானால் ஆரம்பத்திலேயே கிளினிக் போக வேண்டும். கடைசி வாரங்களில் வைத்தியசாலைக்குப் பக்கத்தில் தங்கி, வலி வருமுன் சிசேரியன் செய்துகொள்வதே பாதுகாப்பு. முன்பு இறந்த பிள்ளையைப் பெற்றவர்கள் உயிருள்ள பிள்ளையைக் கையில் வாங்கியது இப்படித்தான். தையல் மட்டும் போதாது என்று கண்டதால்தான் 2007இல் ஹெம்லின் அம்மையார் மருத்துவிச்சிகளுக்காக ஒரு கல்லூரியும் தொடங்கினார். 2020இல், 96 வயதில் காலமானார்.

நமது ஊர்களில் கர்ப்பிணியின் வீடு தேடி மிட்வைப் மிஸ் வருகிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நமது 1951ஆம் ஆண்டு விவாக விவாகரத்துச் சட்டம், காதி அனுமதித்தால் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் நிகாஹ்வையும் பதியலாம் என்று எழுதப்பட்டது. வயதெல்லை பற்றி வருடக்கணக்காகத் தர்க்கிக்கிறோம். அடுத்த தடவை பேசும்போது இப்னு சீனா சொன்னதையும் சேர்த்துப் பேசுவோம். அவர் நம்மவர்தானே.

எல்லாத் தாய்மாருக்கும் அல்லாஹ் இலகுவான பிரசவத்தைத் தருவானாக. ஆமீன்.